இபாராவும் சிமூனும்: ரிசாலின் இரு நாவல்களில் காலனி ஆட்சி மீதான விசாரணை

ஒரு நாட்டின் விடுதலைப் போருக்கு இரண்டு நாவல்கள் முன்னுரையாக அமைவது அரிது. பிலிப்பைன்ஸில் அது நடந்தது. கண் மருத்துவரான ஹொசே ரிசால் ஸ்பானிய மொழியில் எழுதிய ‘நோலி மே தாங்கெரே’ 1887இல் பெர்லினில் அச்சானது. அதன் தொடர்ச்சியான ‘எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ’ 1891இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் வெளிவந்தது. அந்நாட்டு மக்கள் இவற்றைச் சுருக்கமாக ‘நோலி’, ‘ஃபிலி’ என்று அழைக்கிறார்கள். இரண்டாவது நூல் வெளிவந்த ஐந்தாம் ஆண்டில் ஆயுதப் புரட்சி வெடித்தது. அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று, மணிலாவின் பாகும்பாயான் திடலில் ஸ்பானிய அரசு ரிசாலைச் சுட்டுக்கொன்றது. அப்போது அவருக்கு வயது 35.

இவ்விரு நாவல்களையும் ஒப்பிடுவோர் வழக்கமாக எட்டும் முடிவு ஒன்று உண்டு. முதலாவது சீர்திருத்தத்தை வேண்டும் நாவல், இரண்டாவது புரட்சியைப் பேசும் நாவல் என்பதே அது. இந்தப் பாகுபாடு வசதியானது. ஆனால் நூல்களுக்குள் இறங்கிப் பார்த்தால் நிற்காது. புரட்சி குறித்த வாதம் ‘நோலி’யிலேயே முழு வேகத்தோடு நடந்துவிடுகிறது. ‘ஃபிலி’ புரட்சிக்காரன் ஒருவனை நடுவில் நிறுத்தினாலும் அவனுக்கு வெற்றியைத் தருவதில்லை. ரிசால் இரு நூல்களிலும் துரத்திச் செல்லும் கேள்வி வேறு: மனுக் கொடுக்கும் வழிகளையெல்லாம் அடைத்துவிட்ட ஆட்சி எத்தகைய எதிரியை உருவாக்குகிறது? அந்த எதிரி எந்த அளவுக்கு அந்த ஆட்சியையே ஒத்திருக்கிறான்? முதல் நாவல் கேள்வியின் முதல் பாதியையும், இரண்டாம் நாவல் மறுபாதியையும் எடுத்துக்கொள்கின்றன.

நூல்கள் பிறந்த சூழல்

1565இல் தொடங்கிய ஸ்பானிய ஆட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பெருமளவு துறவுச் சபைகளின் தோளில்தான் நின்றது. அகுஸ்தீனியர், பிரான்சிஸ்கர், தொமினிக்கர், ரெக்கொலெக்தர் ஆகிய சபைகளின் ஸ்பானியத் துறவிகளே ஊர்களின் பங்குக் குருக்கள். ஆளுநர்கள் சில ஆண்டுகளில் மாறிப் போவார்கள். துறவியோ ஊரிலேயே இருப்பார். பள்ளியை மேற்பார்ப்பது, ஊராரின் நடத்தைக்குச் சான்று வழங்குவது, யார் விசுவாசி, யார் துரோகி என்று அரசுக்குச் சொல்வது எல்லாம் அவர் கையில். அதோடு, மணிலாவைச் சுற்றிய வளமான மாகாணங்களில் பெரும் பண்ணைகளும் இச்சபைகளுக்குச் சொந்தம்.

1872 ஜனவரியில் கவித்தே நகரின் ஆயுதக் கிடங்கில் ஒரு கலகம் நடந்தது. அதைச் சாக்காக வைத்து மரியானோ கோமெஸ், ஹொசே புர்கோஸ், ஹசிந்தோ சமோரா என்ற மூன்று குருக்களைப் பிப்ரவரி 17 அன்று கழுத்தை நெரிக்கும் இருக்கையில் அமர்த்திக் கொன்றார்கள். பங்குகளின் பொறுப்பு உள்நாட்டுக் குருக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்ற போராட்டத்தோடு புர்கோஸின் பெயர் இணைந்திருந்தது. ரிசாலின் அண்ணன் பாசியானோ புர்கோஸுக்கு நெருக்கமானவர். 1872 நடந்திராவிட்டால் தான் ஒரு இயேசு சபைத் துறவியாகியிருக்கக்கூடும் என்று ரிசால் பின்னாளில் நண்பருக்குக் கடிதம் எழுதினார். 1872ஐ ஒட்டிய அந்தக் காலத்தில்தான் அவருடைய தாய் தெயொதோரா அலொன்சோவும் பொய்க் குற்றச்சாட்டில் கைதானார். கலாம்பாவிலிருந்து மாகாணத் தலைநகர் சாந்தா குரூஸ் வரை நடத்தியே அழைத்துச் செல்லப்பட்டு, இரண்டரை ஆண்டுகள் அளவில் சிறையில் கிடந்தார்.

‘நோலி’ இந்த நினைவுகளோடு எழுதப்பட்டது. மாட்ரிட்டில் தொடங்கி, பாரிஸில் தொடர்ந்து, ஜெர்மனியில் முடிந்தது. அச்சுக்குப் பணம் இல்லை. மாக்சிமோ வியோலா என்ற நண்பர் 300 பெசோ கொடுத்ததால் 2,000 படிகள் அச்சாயின. செலவைக் குறைக்க எலியாஸ், சலோமே என்ற இருவரைப் பற்றிய ஓர் அத்தியாயத்தையே ரிசால் எடுத்துவிட்டார். நூல் மணிலாவை எட்டியதும் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தின் குழு அதைச் சமயத்துக்கும் அரசுக்கும் விரோதமானது என்றது. தணிக்கை ஆணையத்தைச் சேர்ந்த அகுஸ்தீனியத் துறவி சல்வதோர் ஃபொந்த் தடை கோரி அறிக்கை எழுதினார்.

இரண்டு நூல்களுக்கும் இடைப்பட்ட நான்காண்டுகள்தான் ஒப்பீட்டுக்குத் திறவுகோல். 1887இல் ஊர் திரும்பிய ரிசால், கலாம்பாவின் தொமினிக்கப் பண்ணையில் குத்தகைதாரர்கள் படும் துன்பத்தை ஆவணமாக்கி அரசிடம் தர உதவினார். சட்டப்படி கேட்டால் நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் செய்த வேலை அது. விளைவு நேர்மாறானது. வழக்குகள் தோற்றன, ஆளுநர் வெய்லரின் காலத்தில் படை வந்தது, குடும்பங்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டன, ரிசாலின் அண்ணனும் மைத்துனர்களும் வேறு தீவுகளுக்கு வெளியேற்றப்பட்டார்கள். ‘நோலி’யை எழுதியவர் அநீதியைக் கண்டவர். ‘ஃபிலி’யை எழுதியவர், முறையிட்டதற்காகவே தண்டிக்கப்பட்ட குடும்பத்தின் மகன். அந்த நூலை, கொல்லப்பட்ட மூன்று குருக்களின் நினைவுக்கு அவர் காணிக்கையாக்கினார். முதல் நூல் தாய்நாட்டுக்குக் காணிக்கை ஆனது.

விருந்து மேசையும் கப்பல் தளமும்

இரு நாவல்களின் தொடக்கக் காட்சிகளே ஆசிரியரின் பார்வை நகர்ந்த தூரத்தைக் காட்டுகின்றன. ‘நோலி’ மணிலாவில் கப்பித்தான் தியாகோ என்ற செல்வந்தரின் வீட்டு விருந்தில் தொடங்குகிறது. ஐரோப்பாவில் ஏழாண்டுகள் கழித்துத் திரும்பியிருக்கும் இளைஞன் கிரிசோஸ்தோமோ இபாராவுக்காக நடக்கும் விருந்து. மேசையின் தலைப்பக்கம் யார் உட்காருவது என்று தொமினிக்கத் துறவிக்கும் பிரான்சிஸ்கத் துறவிக்கும் இடையே மௌனப் போட்டி. கோழிச்சாறு பரிமாறும்போது, சான் தியேகோ ஊரின் முன்னாள் பங்குக் குரு தாமாசோ பாதிரியாரின் தட்டில் வெறும் கழுத்தும் முற்றிய இறக்கையும் விழுகின்றன. இளைஞனின் தட்டில் நல்ல துண்டுகள். பாதிரியாரின் முகம் மாறுகிறது. அந்தச் சினம் அற்பமானதாகத் தெரியும். ஆனால் அதே மனிதர்தான் இபாராவின் தந்தை தொன் ரஃபாயேலின் பிணத்தைக் கல்லறையிலிருந்து தோண்டியெடுத்துச் சீனர் இடுகாட்டுக்கு மாற்ற ஆணையிட்டவர் என்பது சில அத்தியாயங்களில் தெரியவருகிறது. கொட்டும் மழையில் சுமக்க முடியாமல் குழிவெட்டிகள் அந்த உடலை ஏரியில் போட்டுவிடுகிறார்கள். தட்டில் விழுந்த இறைச்சிக்கும் ஏரியில் விழுந்த பிணத்துக்கும் பின்னால் ஒரே அதிகாரம் இருக்கிறது: தன் விருப்பத்துக்கு எதிராக எதுவும் நடக்கக் கூடாது என்று பழகிப்போன அதிகாரம்.

‘ஃபிலி’ பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத் தொடங்குகிறது. பாசிக் ஆற்றில் ‘தாபோ’ என்ற நீராவிக் கப்பல் லகுனா ஏரியை நோக்கித் தத்தளித்துச் செல்கிறது. வெள்ளைச் சாயம் பூசிய அழுக்குக் கப்பல். மேல்தளத்தில் நாற்காலிகளில் துறவிகள், அதிகாரிகள், பத்திரிகையாளர். கீழ்த்தளத்தில் கொதிகலனின் வெப்பத்தில், சரக்கு மூட்டைகளுக்கு நடுவே, உள்நாட்டு மக்களும் சீன வணிகர்களும் மாணவர்களும். ஆட்சிக்கும் இந்தக் கப்பலுக்கும் உள்ள ஒற்றுமையை ரிசால் மறைக்கவில்லை.

விருந்தில் எல்லோரும் ஒரே மேசையில் இருந்தார்கள். அவமதிப்பு அங்கே ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கு வந்தது. கப்பலில் தளங்களே பிரிந்திருக்கின்றன. அவமதிப்பு மரத்திலும் இரும்பிலும் கட்டப்பட்டிருக்கிறது. ‘நோலி’யின் தலைமை ஆளுநர் இபாராவை மதிப்பவர், அவன் மீதான திருச்சபை விலக்கை நீக்க முயல்பவர், ஆனால் துறவிகளை மீறும் வலிமை அற்றவர். குற்றம் சபைகளுடையது, ஸ்பெயினுடையது அல்ல என்று நம்ப அந்நூலில் இடம் இருந்தது. ‘ஃபிலி’ அந்த இடத்தை அடைத்துவிடுகிறது. இங்கே தலைமை ஆளுநர் லோஸ் பான்யோஸில் துறவிகளோடு சீட்டாடிக்கொண்டே அரசுக் கோப்புகளுக்குத் தீர்ப்புச் சொல்கிறார். பள்ளிகளுக்கான கோரிக்கையும் மக்களின் முறையீடும் ஆட்டத்தின் இடைவெளியில் முடிவாகின்றன. நேர்மையான உயர் அதிகாரி ஒருவர் நாவலில் வருகிறார். அவரால் செய்ய முடிவது பதவி விலகிக் கப்பலேறுவது மட்டுமே.

இரண்டு வகுப்பறைகள்

கல்வியைப் பற்றிய காட்சிகளை அருகருகே வைத்தால் இந்த நகர்வு இன்னும் துல்லியமாகத் தெரியும். ‘நோலி’யில் சான் தியேகோ ஊர் ஆசிரியர் இபாராவிடம் தன் அனுபவத்தைச் சொல்கிறார். பள்ளிக்குத் தனிக் கட்டடம் இல்லை. பங்குக் குருவின் மாளிகையின் கீழ்த்தளத்தில், அவருடைய வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வகுப்பு. பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழி கற்றுத்தர அவர் முயன்றபோது, தாமாசோ பாதிரியார் அவரை எள்ளி நகையாடித் தடுத்துவிட்டார். பிரம்படியை நிறுத்தியபோது பிள்ளைகள் அச்சமின்றிப் படிக்கத் தொடங்கினார்கள். குருவும் பெற்றோரும் சேர்ந்து பிரம்பைத் திரும்பக் கொண்டுவர வைத்தார்கள். இந்தக் கதையைக் கேட்டபின்தான் இபாரா தன் செலவில் பள்ளி கட்ட முடிவெடுக்கிறான். பள்ளிதான் ‘நோலி’யின் நம்பிக்கை. அடிக்கல் நாட்டும் நாளில் பாரந்தூக்கியைச் சரியவைத்து அவனைக் கொல்லும் சதி நடக்கிறது, எலியாஸ் என்ற ஒடுக்கப்பட்ட இளைஞன் காப்பாற்றுகிறான்.

‘ஃபிலி’யின் வகுப்பறை கிராமத்தில் இல்லை, நாட்டின் பெரிய பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இங்கே கட்டடம் உண்டு, கருவிகளும் உண்டு. இயற்பியல் கருவிகள் கண்ணாடி அலமாரிகளில் பூட்டிக் கிடக்கின்றன. பார்வையாளர் வந்தால் காட்டுவார்கள்; மாணவர் தொட முடியாது. இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் பாடநூலை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். பிளாசிதோ பெனிதெந்தே என்ற மாணவனை மிலியோன் பாதிரியார் கொச்சை ஸ்பானியத்தில் கேலி செய்கிறார். வராத நாட்களின் கணக்கை ஏற்றிக் குறிக்கிறார். அவன் எழுந்து நின்று பதில் சொல்லிவிட்டு வகுப்பை விட்டு வெளியேறுகிறான். அன்றே அவன், நகை வணிகன் வேடத்தில் திரியும் புரட்சிக்காரன் சிமூனின் ஆளாகிறான்.

முதல் நாவலில் கல்வி இல்லாமை சிக்கல், பள்ளி தீர்வு. இரண்டாம் நாவலில் பள்ளி இருக்கிறது, அதுவே அவமதிப்பின் கருவியாக இருக்கிறது. மாணவர்கள் ஸ்பானிய மொழிக் கழகம் ஒன்று தொடங்க அனுமதி கேட்கிறார்கள். நீண்ட இழுத்தடிப்புக்குப் பின் அனுமதி வருகிறது. நிர்வாகம் துறவிகளிடம், மாணவர்களுக்குச் சந்தா வசூலிக்கும் வேலை மட்டும். இதற்கு நிகழ்காலச் சான்று இருந்தது. 1888 டிசம்பர் 12 அன்று மலோலோஸ் ஊரின் இளம் பெண்கள் இருபது பேர், ஸ்பானியம் கற்க இரவுப் பள்ளி வேண்டும் என்று ஆளுநர் வெய்லரிடம் மனுக் கொடுத்தார்கள். அவர்களைப் பாராட்டி 1889 பிப்ரவரியில் ரிசால் தகாலோக் மொழியில் நீண்ட கடிதம் எழுதினார்.

ஆயினும் அவர் ‘ஃபிலி’யில் சிமூனின் வாயால் எழுப்பும் வாதம் இன்னும் கூர்மையானது. ஆட்சியாளரின் மொழியை இரந்து பெறுகிறவர்கள் தங்கள் சிந்தனையையும் அவர்களிடமே ஒப்படைக்கிறார்கள் என்று அவன் பசிலியோ என்ற மாணவனிடம் சாடுகிறான். அந்தக் குற்றச்சாட்டை ரிசால் ஸ்பானிய மொழியிலேயே எழுதினார் என்பதால் அது அவரையும் தொடுகிறது. அவர் அதைத் தவிர்க்கவில்லை. நாவலுக்குள் அதற்கு முழு வலுவையும் கொடுத்தார்.

ஒரு பதக்கத்தின் பயணம்

இரு நாவல்களையும் பிணைக்கும் பொருள் ஒன்று உண்டு. வாசகர்கள் பலர் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். இபாராவின் காதலி மரியா கிளாராவின் கழுத்தில் வைரமும் மரகதமும் பதித்த ஒரு பதக்கம். சான் தியேகோ திருவிழாவின்போது, ஊரே விலகி நிற்கும் ஒரு தொழுநோயாளியிடம் அவள் அதைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறாள். ‘நோலி’யில் அது இரக்கத்தின் அடையாளம். செல்வர் மகள் தன் மனத்தால் தர முடிந்த அளவு தருகிறாள்.

‘ஃபிலி’யில் அந்தத் தொழுநோயாளிக்கு மருத்துவம் பார்த்ததற்குக் கூலியாகப் பதக்கம் மருத்துவ மாணவன் பசிலியோவிடம் வந்திருக்கிறது. இவன் ‘நோலி’யில் மனம் பேதலித்துச் செத்த சிசாவின் மகன். அவன் தான் விரும்பும் ஹூலிக்கு அதைத் தருகிறான். ஹூலியின் தந்தை காபேசாங் தாலேஸ் காட்டின் ஓரத்தில் நிலம் திருத்தியவர். அந்த உழைப்பில் காய்ச்சல் வந்து மனைவியும் மூத்த மகளும் மாண்டார்கள். விளைச்சல் கண்டதும் ஒரு துறவுச் சபை நிலம் தன்னுடையது என்றது. முதலில் ஆண்டுக்கு இருபது முப்பது பெசோ குத்தகை. பிறகு ஏறி ஏறி இருநூறு. தாலேஸ் வழக்குப் போட்டார், தோற்றார். துப்பாக்கியோடு நிலத்தைக் காத்தார், பறித்தார்கள். வெட்டரிவாளோடு காத்தார்; அதையும் பறித்தார்கள். கோடரியோடு நின்றார். கொள்ளையர் அவரைப் பிடித்துப் பணயத் தொகை கேட்டார்கள். ஹூலி நகைகளை விற்றாள்; பதக்கத்தை மட்டும் விற்க மனம் வரவில்லை. மீதிப் பணத்துக்காக ஒரு வீட்டில் கொத்தடிமையாய்ப் போனாள்.

தாலேஸ் விடுபட்டு வந்த பின், அவ்வூரில் வசதியான வீடு என்று சிமூன் அவருடைய வீட்டில் தங்கி நகை விற்கிறான். பதக்கத்தைக் கண்டு வாங்கிக்கொள்ள விரும்புகிறான். மறுநாள் காலையில் அவனுடைய கைத்துப்பாக்கியைக் காணவில்லை. உறையில் பதக்கமும் ஒரு சீட்டும் இருக்கின்றன. தாலேஸ் கொள்ளையரோடு சேரப் போய்விட்டார். அன்றிரவே பண்ணையின் துறவியும், நிலத்தைப் புதிதாகக் குத்தகைக்கு எடுத்தவனும், அவன் மனைவியும் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்கள். இந்த இடத்தில் ரிசால் கதையை நிறுத்தி, கலாம்பா மக்களை நேரடியாக விளித்து, அங்கு நிலம் இழந்தவர்களின் பெயர்களைச் சொல்லிப் பேசுகிறார். புனைவு என்ற திரை அங்கே விலகுகிறது.

காதலியின் கழுத்திலிருந்து புறப்பட்ட நகை, இரக்கமாகி, மருத்துவக் கூலியாகி, அன்பளிப்பாகி, கடைசியில் ஒரு துப்பாக்கியின் விலையாகிறது. இரு நாவல்களுக்கும் இடையில் ஒரு சமூகத்தில் நடந்த மாற்றத்தை ரிசால் இந்த ஒரு பொருளின் வழியில் வரைந்திருக்கிறார். நல்லெண்ணத்தால் தீர்க்கக்கூடியது என்று தெரிந்த துன்பம், நல்லெண்ணம் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது.

எலியாஸ் இல்லாத நாவல்

‘நோலி’யின் இதயம் எலியாஸுக்கும் இபாராவுக்கும் இடையே ஏரியில் படகில் நடக்கும் உரையாடல். எலியாஸ் ஒடுக்கப்பட்டோரின் குரலாகப் பேசுகிறான்: காவல் படையின் அதிகாரம் குறைய வேண்டும், குருக்களின் ஆதிக்கம் மட்டுப்பட வேண்டும். இபாரா அவற்றைத் தவிர்க்க முடியாத தீமைகள் என்று நியாயப்படுத்துகிறான். எலியாஸ் தன் குடும்பத்தின் கதையைச் சொல்கிறான். செய்யாத தீவைப்புக் குற்றத்துக்காகப் பாட்டனாரைத் தெருத்தெருவாகச் சவுக்கால் அடித்தார்கள். மூன்று தலைமுறைகள் அழிந்தன. அந்தப் பொய்க் குற்றத்தைச் சுமத்திய வணிகர் இபாராவின் முப்பாட்டனார் என்பது பின்னர் தெரிகிறது. எலியாஸ் கொதிக்கிறான்; ஆனாலும் பழி வாங்காமல் விலகுகிறான். சதியில் சிக்கிய இபாராவைத் தேடி வந்து சிறையிலிருந்து மீட்பதும் அவனே.

நாவலின் முடிவில் அதே ஏரியில் இருவரும் தப்பி ஓடுகிறார்கள். இப்போது வாதங்கள் இடம் மாறிவிட்டன. எல்லாவற்றையும் இழந்த இபாரா கலகம் செய்யப் போவதாகச் சொல்கிறான். தற்காப்பற்ற எளியவர்களே அதில் மாள்வார்கள் என்று எலியாஸ் எச்சரிக்கிறான். சீர்திருத்தவாதி கலகக்காரனாகவும், ஒடுக்கப்பட்டவன் நிதானத்தின் குரலாகவும் மாறும் இந்த இடம்தான் ‘நோலி’யை எளிய சீர்திருத்த நாவல் என்று சொல்ல விடாமல் தடுக்கிறது. இபாராவைக் காப்பாற்ற எலியாஸ் குண்டடிபட்டுச் சாகிறான்.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் இபாரா நீலக்கண்ணாடி அணிந்த நகை வணிகன் சிமூனாக, ஆளுநரின் நெருங்கிய நண்பனாக வருகிறான். அவன் திட்டம் அஞ்சத்தக்கது. ஆட்சியின் ஊழலை வளர்ப்பது, வரிகளையும் கொடுமைகளையும் ஊக்குவிப்பது, மக்கள் பொறுக்க முடியாத எல்லைக்குத் தள்ளப்பட்டு எழும்படிச் செய்வது. முதல் எழுச்சியின் உள்நோக்கம் கன்னிமடத்தில் அடைபட்ட மரியா கிளாராவை மீட்பது. அவள் இறந்த செய்தி வந்ததும் அது கலைகிறது. இரண்டாம் திட்டம் ஒரு திருமண விருந்தில் வெடிமருந்து நிரப்பிய மாதுளை வடிவ விளக்கை வைப்பது. ஹூலி கமோர்ரா பாதிரியாரிடமிருந்து தப்பக் குருமாளிகைச் சன்னலிலிருந்து குதித்துச் சாகிறாள். அதன் பிறகே பசிலியோ சிமூனுக்கு இணங்குகிறான். தன் முன்னாள் காதலி விருந்தில் இருக்கிறாள் என்பதற்காக இசகானி என்ற மாணவன் ஓடிவந்து விளக்கைத் தூக்கி ஆற்றில் எறிகிறான்.

இவர்கள் எவரையும் குறைசொல்ல எனக்கு மனமில்லை; ஒவ்வொருவரின் காயமும் உண்மை. ஆனால் சிமூன் காதலுக்காக, பசிலியோ துயரத்துக்காக, இசகானி காதலுக்காக, தாலேஸ் நிலத்துக்காக என்று எல்லோரும் சொந்தக் காயத்திலிருந்தே செயல்படுகிறார்கள். சொந்தப் பழியை மக்களின் பொருட்டு அடக்கிக்கொண்ட எலியாஸ் போன்ற ஒருவர் ‘ஃபிலி’யில் இல்லை. அந்த வெற்றிடத்தைத்தான் ரிசால் நமக்குக் காட்டுகிறார். மலைவழியில் கைதிகளை நடத்திச் செல்லும் படைவீரன் ஒருவன் பாறைமேல் நிற்கும் கலகக்காரனைச் சுடுகிறான். விழுந்தவர் அவனுடைய சொந்தத் தாத்தா. ஆட்சி மக்களை மக்களுக்கு எதிராக நிறுத்திவிட்டது. சிமூனின் திட்டமும் அதையேதான் செய்தது.

காயப்பட்டு நஞ்சருந்திய சிமூன், கடற்கரையோரம் வாழும் உள்நாட்டுக் குரு ஃபுளோரெந்தினோவிடம் தன் கதையைச் சொல்லிச் சாகிறான். குருவின் தீர்ப்பு தெளிவானது: நோக்கம் பிழையன்று, வழி பிழை, சீரழிவை வளர்த்து விடுதலையை அறுவடை செய்ய முடியாது, அடிமைத்தனத்தின் குணங்களைக் களையாத சமூகத்துக்குக் கிடைக்கும் விடுதலை புதிய ஆண்டைகளைத்தான் தரும். இதைக் கோழைத்தனமான சமரசம் என்று சொல்வோர் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. ‘நோலி’யில் தாமாசோ, சால்வி என்ற பாதிரியார்களைக் குற்றக்கூண்டில் ஏற்றிய அதே ஆசிரியர், ‘ஃபிலி’யில் ஆளப்படுவோரின் பயத்தையும் தன்னலத்தையும் ஏற்றியிருக்கிறார். ஆட்சியாளரைச் சாடுவதற்குத் துணிவு வேண்டும். அடிமைப்பட்ட தன் மக்களிடம் இவ்வளவு கறாராகப் பேச அதைவிடப் பெரிய அன்பு வேண்டும்.

பெண்கள் சுமந்த விலை

ஒப்பீட்டில் பெண்களை ஒதுக்கினால் பாதி உண்மை விடுபடும். ‘நோலி’யின் சிசா, கோயில் மணியடிக்கும் வேலையில் இருந்த தன் இரு சிறுவர்களை, அவர்கள்மீது திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டதால் இழந்து, காவல் படை தெருவழியே இழுத்துச் சென்ற அவமானத்தில் மனம் பேதலிக்கிறாள். மரியா கிளாரா தன் பிறப்பின் இரகசியத்தைச் சொல்லும் கடிதங்களுக்கு ஈடாக இபாராவின் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறாள்; அதுவே அவனுக்கு எதிரான சான்றாகிறது. அவளுடைய உண்மைத் தந்தை தாமாசோ. அவளுக்கு எஞ்சுவது கன்னிமடம். ஹூலிக்கு அந்த அடைக்கலம்கூட இல்லை. வர்க்கம் எதுவானாலும் துறவியரின் அதிகாரம் பெண்ணுடலில் வந்து முடிவதை இரு நாவல்களும் ஒளிக்காமல் சொல்கின்றன. ஆனாலும் மரியா கிளாரா, ஹூலி இருவரும் பெரும்பாலும் துன்பம் ஏற்பவர்களாகவே இருக்கிறார்கள். மலோலோஸ் பெண்களைப் போல் எழுந்து நின்று கேட்கும் ஒரு பெண்ணை ‘ஃபிலி’யில் காண முடியவில்லை. வாழ்க்கையில் அத்தகையவர்களை அறிந்து வாழ்த்திய எழுத்தாளரின் புனைவில் இது உண்மையான குறை.

இரண்டையும் சேர்த்து வாசித்தல்

1892இல் ரிசால் நாடு திரும்பி ‘லிகா ஃபிலிப்பினா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். சில நாட்களில் ஆளுநர் தெஸ்புஹோல் அவரை மிந்தனாவோ தீவின் தாபித்தானுக்கு வெளியேற்றினார். ‘ஃபிலி’யை மூன்று குருக்களுக்குக் காணிக்கையாக்கியதும் அந்த ஆணையில் குற்றமாகக் குறிக்கப்பட்டது. அதே ஜூலையில் ஆந்திரேஸ் பொனிஃபாசியோவும் தோழர்களும் ‘கத்திபுனான்’ என்ற இரகசிய இயக்கத்தை நிறுவினார்கள். அவர்கள் ரிசாலின் பெயரையே கடவுச்சொல்லாகப் பயன்படுத்தினார்கள். 1896 டிசம்பரில் ரிசாலோ அந்த எழுச்சியைக் கண்டித்து அறிக்கை எழுதினார். அரசு அதை வெளியிடாமல் அவரைச் சுட்டது. இந்த முரண்பாட்டை அவருடைய மனத்தடுமாற்றம் என்று மட்டும் சொல்வது போதாது. படகில் நடந்த வாதத்தில் இரு தரப்பையும் முழு நேர்மையோடு எழுதியவர், இரண்டையும் தனக்குள் சுமந்தார்.

பின்வந்தோர் இந்த வாதத்தைத் துண்டாக்கிக்கொண்டார்கள். 1898இல் ஸ்பெயினிடமிருந்து நாட்டைப் பெற்ற அமெரிக்க ஆட்சி, ஆயுதம் ஏந்தாத ரிசாலைத் தேசிய நாயகராக உயர்த்தியது. 1969இல் வரலாற்றாசிரியர் ரெனாத்தோ கொன்ஸ்தந்தினோ இந்த வழிபாட்டைக் கடுமையாக விமர்சித்தார். புரட்சியைக் கண்டித்தவரை நாயகராக்கியது யாருக்கு வசதி என்று கேட்டார். இதற்கிடையே 1956இல் செனட்டர் கிளாரோ ரெக்தோ முன்னின்று கொண்டுவந்த குடியரசுச் சட்டம் 1425, இரு நாவல்களையும் கல்வி நிலையங்களில் பாடமாக்கியது. கத்தோலிக்கத் திருச்சபை அதைக் கடுமையாக எதிர்த்தது. சமய நம்பிக்கை காரணமாக மூலத்தைப் படிப்பதிலிருந்து விலக்குக் கோரும் வழியோடுதான் சட்டம் நிறைவேறியது. எழுதி எழுபது ஆண்டுகள் ஆகியும் ஒரு நூல் இவ்வளவு எதிர்ப்பை எழுப்புகிறதென்றால், அதன் விசாரணை இன்னும் முடியவில்லை என்றே பொருள்.

‘நோலி’யை மட்டும் வாசிப்பவர், சில கெட்ட பாதிரியார்களும் ஒரு நல்ல பள்ளியும் என்று காலனியத்தைச் சுருக்கிக்கொள்ளக்கூடும். ‘ஃபிலி’யை மட்டும் வாசிப்பவர், தோற்ற சதியொன்றின் கதையென்று அதை மூடிவிடக்கூடும். இரண்டையும் ஒரே நூலின் இரு பாகங்களாக வாசிக்கும்போதுதான் ரிசாலின் முழு வாதம் கிடைக்கிறது. இபாரா கேட்ட பள்ளியை அந்த ஆட்சி கொடுத்திருந்தால் சிமூன் பிறந்திருக்கமாட்டான். ஆகவே சிமூனின் வன்முறைக்கு முதல் பொறுப்பு ஆட்சியுடையது. இதில் ரிசால் எந்தச் சலுகையும் தருவதில்லை. அதே நேரம், ஆட்சியின் இரக்கமின்மையையே தன் ஆயுதமாக எடுத்துக்கொள்ளும் விடுதலையாளன் அந்த ஆட்சியைத்தான் வேறு பெயரில் தொடர்வான் என்பதிலும் அவர் சலுகை தருவதில்லை. காலனியம் முடிந்த நாடுகளில் புதிய ஆட்சியாளர்கள் பழைய சட்டங்களையும் பழைய சிறைகளையும் அப்படியே எடுத்துக்கொண்டதைப் பார்த்த நமக்கு, இரண்டாவது எச்சரிக்கை முதலாவதைவிடக் குறைந்த அவசரம் உடையதல்ல.